தேடுசொல்

கணினி முன் உட்காருவதற்கு முன்னால் தேடுசொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது நூலகர் ஜெசிந்தாவின் கண்டிப்பு. கல்குவாரித் தொழிலாளர்களின் சாவுகளை ஆய்வுக்கு எடுத்திருந்த மரகதவல்லி முதல் வரியில் 'காசநோய்' என்று எழுதினாள். குவாரியில் ஜல்லி உடைத்தே செத்துப்போன அவள் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தச் சொல்தான் இருந்தது.

"இதைப் போட்டா லட்சம் கட்டுரை வந்து கொட்டும்மா. குவாரியில இருக்கிற ஜனங்க இதை என்னன்னு சொல்லுவாங்க? அதையும் எழுது," என்றார் ஜெசிந்தா.

அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதிலேயே விடுதிக்கு வந்துவிட்டவள். வராந்தாவுக்குப் போய், இன்னும் அதே குவாரியில் ஜல்லி உடைக்கும் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"கல்லிருமல்னு சொல்லுவோம்டி. சளியோட மாவாட்டம் கல்லுத்தூள் வரும்," என்றாள் அம்மா.

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லலையாம்மா?"

"உங்கப்பா என்ன வேலை பாக்குறாருன்னே அவரு கேக்கலையே."

மரகதவல்லி தாளைச் சுவரில் வைத்து அந்தச் சொல்லை எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் மறுமுனையில் அம்மா இரண்டு முறை இருமினாள்.

"உனக்கு எத்தனை நாளாம்மா இது?"

"மழைக்கு முன்னாடியிருந்தே இருக்கு. நீ படிப்பைப் பாரு."

உள்ளே ஜெசிந்தா தாளை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார். மரகதவல்லி அவரைத் தாண்டிப் போய்க் கணினியைப் போட்டு, 'கல்லிருமல் குணமாகுமா' என்று தட்டினாள்.