காட்டாத அடையாளம்

வொர்க்‌ஷாப்பின் ஷட்டர் பாதி இறங்கி நிற்கிறது. அதற்கடியில் மதிய வெயிலும், எரிகிற கடைகளின் புகையும், கும்பலின் கால்களும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. வெல்டரைச் சுவரோடு தள்ளி, கழுத்தில் இரும்புக் குழாயை வைத்து அழுத்துகிறான் ஒருவன். குழாய் பட்ட இடத்தில் தோல் கிழிந்து, ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்குகிறது. கூட வேலை பார்க்கும் லேத்காரர் உதடு பிளந்து தரையில் கிடந்தபடி கும்பிடுகிறார். “அவன் நம்ம ஆளுதான்யா. என் தங்கச்சி புருஷன், விட்டுடுங்க.” குழாய்க்காரன் சிரிக்கிறான். “அப்போ பேன்ட்டை அவுக்கச் சொல்லு. சுன்னத் பண்ணியிருக்கா இல்லையான்னு பார்த்துட்டுப் போறோம்.” இன்னொருவன் கத்தியை வெல்டரின் பெல்ட்டுக்குள் நுழைக்கிறான். வெல்டர் அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறார். “பார்க்க வேணாம். எங்கப்பா என்னை மடியில கிடத்தி, கடவுளுக்கும் எனக்கும்னு செஞ்ச உடன்படிக்கை அது. உனக்குக் காட்டறதுக்கு இல்ல. வாயாலயே சொல்றேன், நான் அவங்க ஆளுதான்.” லேத்காரர் “ஐயோ மச்சான்” என்று அலறுகிறார். கழுத்தை விட்டு விலகிய குழாய் மேலே உயர்கிறது. வெல்டர் தலையை மறைக்கவில்லை. இரண்டு கைகளும் பெல்ட்டையே இறுகப் பிடித்திருக்கின்றன.