தாழக் கட்டிய கிளை

ஒடிந்துவிடும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தான் தனசீலன், அவள் கணவன். மடித்துவிட்ட ஸ்வெட்டரும் இரண்டு கைகளும் மட்டும்தான் கட்டிலிலிருந்து தெரிந்தன. கூரையோரம் வரை நெட்டுக்க ஏறிப் போயிருந்த கொடி ரோஜாவின் கிளையைப் பிடித்து, விரற்கடை விரற்கடையாகக் கீழே வளைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் வளைப்பான். நிறுத்துவான். கிளை மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்பதுபோலக் காத்திருப்பான்.

அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில், காலுக்கு இரண்டாகச் செங்கல். தலை தாழ, கால் உயர, இப்படிப் படுத்து இன்றோடு நாற்பத்தோரு நாள். குளியலறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு கருவும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை.

இது ஆறில் அடி வைத்து நான்கு நாள் ஆகிறது.

அப்படியிருந்தும் அவள் எழுந்தாள்.

தினமும். அத்தை குளிக்கப் போகிற பத்து நிமிடத்தில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் எக்கி, மேலே பார்ப்பாள். மூன்று வருடம் வெறும் இலையும் முள்ளுமாக வளர்ந்த செடி. வாசனை வீட்டுக்குள் வரும் என்று சொல்லி, அவளுக்காக அவன் குன்னூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இப்போதுதான் முதன்முதலாக மொட்டு விட்டிருக்கிறது. பார்க்காமல் எப்படி இருப்பது?

நேற்றுச் சாயங்காலம் வாய் தவறிவிட்டது.

“நுனியில மூணு மொட்டுங்க. ஒண்ணு மஞ்ச காட்டிருச்சு.”

போர்வை மடித்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

கட்டிலிலிருந்து பார்த்தால் துண்டு வானமும் ஜன்னலின் மேல்சட்டமும்தான் தெரியும். கூரையோரம் தெரியாது.

அவன் குனிந்து, செங்கல்கள் அசையாமல் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தான். மிச்சப் போர்வையையும் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இன்று ஞாயிறு. தேயிலை ஃபேக்டரிக்கு லீவு. காபி கூடக் குடிக்காமல் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போயிருந்தான்.

“சீலா! அது பாட்டுக்கு மேல போறதப் போயி ஏண்டா மடக்குற? ஒடிஞ்சுதுன்னா மொட்டு மூணும் போச்சு.”

சமையலறை வாசலில் நின்று அத்தை சத்தம் போட்டாள்.

“ஒடியாதும்மா.”

“ஆமா, பெரிய தோட்டக்காரன். கருவேப்பில வச்சு அதையே காயப்போட்டவன்தான நீ.”

உள்ளே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றில் கை வைத்து அடக்கிக்கொண்டாள்.

நறுக்.

சிரிப்பு நின்றது. வெளியே அத்தையின் பேச்சும் நின்றது.

“முள்ளுதான்,” என்றான் அவன். “காஞ்ச முள்ளு.”

மேல்சட்டத்தைத் தாண்டி முதலில் இரண்டு இலை இறங்கியது. பிறகு செம்பு நிறத் தளிர். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. பழைய வேட்டியைக் கிழித்த துணியால் கிளையைக் கம்பியோடு சேர்த்து, இறுக்காமல் கட்டினான். நுனியைக் கம்பிக்கு இந்தப் பக்கம் விட்டான்.

மஞ்சள் காட்டிய மொட்டு அவள் தலையணைக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. ராத்திரிப் பனி இன்னும் அதன் மேல் இருந்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டியிருக்கவில்லை.

பாதி விரிந்ததற்கே வாசனை இருந்தது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல. கொஞ்சம் பழுத்த கொய்யாவும்.

அத்தை கஞ்சி டம்ளரோடு உள்ளே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

“படுத்த எடத்துக்கே பூவ வரவழைச்ச மகராசி நீதாண்டி. அப்பாடா. இனிமே நானும் நிதானமா குளிச்சிட்டு வரலாம்.”

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

வெளியே அவன் முள் கீறிய கையை உதறிக்கொண்டே சொன்னான்.

“இப்படிக் குறுக்கால கட்டுனா கணுவுக்குக் கணு துளிர்க்குமாம்மா. நர்சரிக்காரர் சொன்னாரு. விட்டு விட்டு, ஐப்பசி வரைக்கும் பூக்குமாம்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

ஐப்பசி.

டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி அந்த மாதத்தில்தான் இருந்தது. சீட்டு பீரோவுக்குள் மடித்தபடியே கிடக்கிறது. முதல் இரண்டு தடவையும் மாதத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரித்த வீடு. இந்தத் தடவை அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்கவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கிற பேச்சு வந்தால்கூட அத்தை வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

அத்தையின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

அவன் ஏற்கெனவே போட்ட முடிச்சை மறுபடி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐப்பசியில இங்க மழை ஊத்துமே,” என்றாள். “இந்த ஜன்னல் வழியா குளிரு நேரா கட்டிலுக்கு அடிக்கும்.”

அத்தை டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

“கம்பளி ஒண்ணு எடுக்கணுங்க. சின்னதா.”