குங்குமப் பொட்டலம்

இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார் டாக்டர்.

அவள் குனிந்தாள். விரல்கள் முழங்காலைத் தொட்டன. அதற்குக் கீழே போகவில்லை. இடுப்பில் பிடித்த வலி தொடை வழியே இறங்கிக் குதிகாலில் போய்ச் சுண்டியது.

"அவ்வளவுதானுங்க முடியுது."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷன் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

விசைத்தறிக் கொட்டகை அவனுடையது. தறி ஓட்டுவது அவள். அறுந்த இழையைக் குனிந்து தேடி, முடிபோட்டு, நிமிர்ந்து, மறுபடி குனிந்தே அவளுடைய கல்யாண வாழ்க்கை கழிந்திருந்தது. எண்ணெய் போட்டு நீவியாயிற்று. ஒத்தடம் கொடுத்தாயிற்று. பச்சிலைக் கட்டும் போட்டாயிற்று. வலி மட்டும் குடிவந்த வீட்டைக் காலி செய்வதாக இல்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது.

அதுதான் அவளுக்கு வந்த கேடு. வலியெல்லாம் நடிப்பு என்று புருஷன் முடிவுகட்டிவிட்டான்.

ஸ்கேன் எடுத்தால்தான் நரம்பு தெரியும் என்று போன தடவை டாக்டரே சொல்லியிருந்தார். ஸ்கேன் எடு, அதுவரை படுத்திரு என்று இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் தறிதான்.

அவளைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். அவள் அலறினாள். அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண் குரல்கள் தணிந்து பேசின. புருஷன் லேசாகச் சிரிப்பது கேட்டது.

ஒருக்களித்து எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி அவள் வெளியே வந்தாள்.

அவன் எழுந்து நின்றிருந்தான். சட்டைப் பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தான். வரும் வழியில் அங்காளம்மன் கோயிலில் பூசாரி கொடுத்தது. தன் முதுகுக்காக வேண்டிக்கொள்ளப் போனவள், பழக்க தோஷத்தில் அவன் ஆயுசுக்கு வேண்டிவிட்டு வந்திருந்தாள்.

"இந்தா, வெச்சுக்க."

பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

இப்படி அவன் எதையும் நீட்டியதே இல்லை. அந்த வலியிலும் அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அவள் கை எட்டுவதற்குள் அவன் விரல்கள் விட்டுவிட்டன.

போன ஆடி மாதத்தில் ஒரு நாள் வீட்டில் குங்குமச் சிமிழ் கவிழ்ந்திருந்தது. மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். அவன் வெளிறிப்போய், பல நாள் வண்டியையே எடுக்கவில்லை.

அவள் எதையும் யோசிக்கவில்லை. பாய்ந்தாள்.

முழங்காலுக்கும் கீழே, தரையைத் தொடும் நேரத்தில், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"பாத்தீங்களாங்க?" என்றான் அவன் டாக்டரிடம்.

டாக்டர் தலையாட்டினார். ஸ்கேனைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏதோ ஒரு தைலத்தின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் வலி வந்தது. மொத்தமாக வந்தது. கண் இருட்டியது. நிமிரப் பார்த்தாள், முடியவில்லை.

அந்த நிலையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவன் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். இவள் பிடித்துவிடுவாள் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். தன் உயிரையே பணயம் வைக்கிற அளவுக்கு நிச்சயம்.

பாவி.

"போதும் எந்திரி. டாக்டரே பாத்துட்டாரு. காலையில தறியில புதுப் பாவு நூல் ஏத்தோணும்."

அவன் பாதங்கள் மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அவள் உள்ளங்கையில் குங்குமம் அப்படியே இருந்தது.

அவள் கையைக் கவிழ்த்தாள்.

மெதுவாக. துளி மிச்சமில்லாமல். அவன் பாதத்தின் மேல்.

டாக்டரின் பேனா நின்றது.

"ஐயோ, ஐயோ" என்று அவன் மண்டியிட்டான். இரண்டு கையாலும் தரையை வழித்தான். மேசைக்கு அடியில் சிதறியதைக்கூட விடவில்லை. குங்குமத்தோடு தூசியும் முடியும் சேர்ந்து வந்தன. அவன் இடுப்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைந்து கொடுத்தது.

இப்போது அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. வியர்த்துக் கொட்டியது.

"சாந்தாமணி, நெத்தியக் காட்டு" என்றான். குங்குமத்தை விரலில் எடுத்து நீட்டினான். "கொஞ்சம் நிமிந்து காட்டு சாமி."

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.