முப்பத்தெட்டு வினாடி கோல்

"கோ...ஓ...ஓ...ஓ...ல்!"

பரிசோதனைக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த பொறியாளர் மரியேலாவுக்குப் புரையேறியது.

மான்டெவீடியோவின் பிரபல வானொலிக் கால்பந்து வர்ணனையாளர் அனிபால், மார்பில் கட்டிய, விசையை அளக்கும் பட்டையோடு மூச்சு வாங்கினார். "எத்தனை வினாடி?"

"முப்பத்தேழு! ஆபரேஷனை வச்சுக்கிட்டு இப்படிக் கத்தலாமாண்ணே?"

"ஆபரேஷன் நாளைக்குத்தானே? மெஷினைப் போடு தங்கச்சி!"

இதய அறுவை சிகிச்சைக்காகப் பிளக்கும் நெஞ்செலும்பை எதைக் கொண்டு இணைத்தால் தாங்கும் என்று இழுத்துப் பார்க்கும் இயந்திரம் அது. எஃகுக் கம்பியே போதும் என்கிறார் டாக்டர். ஒன்றரை மாதத்தில் இறுதி ஆட்டம். அதில் கோல் விழும் நேரத்தில் எலும்பு விலகினால் வர்ணனை வாழ்க்கையே முடிந்தது. கம்பியைவிட உலோகத் தகடுதான் தாங்கும் என்று சோதனையில் தெரிந்தால் டாக்டர் முடிவை மாற்றிக்கொள்வார்.

"முப்பத்தெட்டு வினாடி வை."

"உங்க உச்சமே முப்பத்தேழுதானே?"

"வைம்மா, சொல்றேன்ல."

மரியேலா, கம்பியால் கட்டிய செயற்கை எலும்பைப் பூட்டி, பட்டையில் பதிவான விசையை முப்பத்தெட்டு வினாடிக்கு நீட்டிச் செலுத்தினாள். அனிபாலின் வாய் சும்மா இருக்குமா?

"இருபது... முப்பது... கம்பி விடாம நிக்குது... முப்பத்தஞ்சு... ஐயய்யோ!"

கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு இறங்க, பிளவு திறந்துகொண்டது.

"முப்பதோட நிறுத்திக்கிட்டா என்னண்ணே? யாரு எண்ணப் போறா?"

"ஊரே எண்ணும்!"

அடுத்தது, திருகாணி போட்ட தகடு. முப்பத்தைந்து. முப்பத்தாறு. இருவரும் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. தகடு இம்மியும் அசையவில்லை!

"கோ...ல்!" இருவரும் சேர்ந்தே குதித்தார்கள். மாத்தே தரையில் கொட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

"இப்பவே டாக்டருக்கு அனுப்பறேன். நோயாளி பேரு... உங்க முழுப்பேரு சொல்லுங்கண்ணே."

"ருபென் எச்செவெரின்னு போடு."

மரியேலாவின் கை நின்றது. "அது எதிர் வானொலி வர்ணனையாளராச்சே! இருபது வருஷமா நீங்க மைக்குல கிழிகிழின்னு கிழிக்கிற ஆளு!"

"அவனேதான். முப்பத்தெட்டு வினாடி இழுப்பான், பாவி!" அனிபால் பட்டையை அவிழ்த்தார். "அவன் முழு மூச்சாக் கத்தணும்மா. அப்பத்தானே நான் அவனை ஜெயிக்க முடியும்?"