ஆட்டம் கண்ட கைப்பிடி

தன்னைக் கொல்ல ஒருவன் திட்டம் போட்டிருக்கிறான் என்பது வீட்டுக்காரருக்கு மாடிப்படியில் வைத்துத்தான் தெரிந்தது.

காலையில் குளித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பிடித்திருந்த கைப்பிடிக் கம்பி கையோடு சாய்ந்தது. குலை நடுங்கி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். குனிந்து பார்த்தால், கம்பியைப் படியோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் பாதி கழன்று தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தன. போல்ட்டு தானாகவா கழலும்?

"டைலர்!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

டைலர், பக்கத்து வீட்டில் குடியிருப்பவர். இரண்டு வீடும் இவருடையதுதான். ஒரே மேஸ்திரி, ஒரே அளவு, ஒரே மாதிரி மாடிப்படி. கைப்பிடி மாட்டுவதற்கு இரண்டிலுமே மேஸ்திரி துளை விட்டுக் கொடுத்திருந்தார். தன் வீட்டுக்கு மாட்டிக்கொண்டவர், வாடகை வீட்டுக்கு மாட்டவில்லை. கேட்டால், "ஒரு பக்கம் சுவர் இருக்கில்ல? அதைத் தடவிக்கிட்டே ஏறுங்க. சுவருக்குத் தனியா வாடகையா கேக்கறேன்?" என்பார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன்.

போன வாரம் டைலரின் மனைவி, பெரிய வயிற்றோடு அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். நல்லவேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, கால்தான் சுளுக்கிக்கொண்டது. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த கையோடு டைலர் நேராக இவர் வாசலில் வந்து நின்றார். எப்போதும் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு முணுமுணுக்கிறவர், அன்று குண்டூசி இல்லாமல் கணீரென்று சொன்னார்.

"ஒருநாள் நீங்களும் விழுவீங்க சார். அப்பத் தெரியும்."

அந்த நாளை அவனே வரவழைக்கிறான் என்று வீட்டுக்காரருக்கு இப்போது புரிந்தது.

"ஏன்டி, டைலர் நம்ம வீட்டுக்குள்ள வந்தானா?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நேத்து நீங்க வெளிய போயிருந்தப்ப யாரோ ஒருத்தர் படியிலேருந்து இறங்கி ஓடினாங்க. முதுகைத்தான் பாத்தேன். ஒல்லியா இருந்துச்சு. கழுத்துல நாடா மாதிரி ஏதோ தொங்குச்சு."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

போல்ட்டுகளை முடுக்கினார். மறுநாள் மறுபடி கழன்றிருந்தன. வாசற்கதவுக்குப் பூட்டை மாற்றினார். அடுத்த நாள் பார்த்தால் இன்னும் மோசம். பூட்டை மாற்றியும் உள்ளே வருகிறான் என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. அன்றிலிருந்து வீட்டுக்காரர் மாடிக்குத் தவழ்ந்துதான் ஏறினார். இறங்கும்போது உட்கார்ந்தபடியே படிப்படியாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். பேன்ட்டின் பின்பக்கம் சாயம் போனதுதான் மிச்சம்.

"நான் போலீஸுக்குப் போறேன்."

"போங்களேன். நம்ம படியைப் பாத்துட்டுச் சும்மா போயிடுவாங்களா? பக்கத்து வீட்டுப் படியையும் பாப்பாங்க. புள்ளத்தாச்சி ஏன் விழுந்தான்னு கேப்பாங்க. முதல்ல உங்களைத்தான் உள்ள தள்ளுவாங்க."

"அப்ப நான் விழுந்து சாக வேண்டியதுதானா?"

"போல்ட்டு இருந்தாத்தானேங்க கழட்டுவான்? போல்ட்டே இல்லாத கைப்பிடியாப் போட்டுடுங்க. இந்தச் சனியனைப் பழைய இரும்புக்காரர்கிட்ட நான் தள்ளி விட்டுடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எந்த யோசனையையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. உயிர்ப்பயம் போட்டுக்கொள்ள வைத்தது. வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். பழையதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, படிக்குள் ஆழமாக இறக்கி, சிமென்ட் பூசி, பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். யானை இழுத்தாலும் வராது என்றார். பணத்தை எடுத்துக் கொடுக்கும்போது வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார். கொலைகாரனைக் குடி வைத்துக்கொள்ள அவருக்கென்ன தலையெழுத்தா? இன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான். மாடியில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. திட்ட வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி விறுவிறுவென்று ஏறினார்.

பாதிப் படியில்தான், இவ்வளவு தைரியமாக எப்படி ஏறுகிறோம் என்று உறைத்தது. கை எதையோ பிடித்திருந்தது.

கைப்பிடி. அவருடைய பழைய கைப்பிடியேதான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தப் படிக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது.

"திருட்டுப் பயலே" என்று கத்த வாயைத் திறப்பதற்குள் டைலர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வாங்க சார்! உங்க வீட்டுக் கைப்பிடியவே கழட்டிக் குடுத்தனுப்பியிருக்கீங்களே, யாருக்கு சார் இந்த மனசு வரும்? அன்னிக்குக் கோவத்துல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அப்புறம் உங்க முகத்துல முழிக்கவே கூச்சமாப் போச்சு. உங்க வீட்டுப் பக்கமே நான் வரல."

"வரலியா? எங்க வீட்டு மாடிப்படியில நீ ஏறலியா?"

"உங்க வீட்டு வாசலைத் தாண்டி நான் உள்ள வந்ததே இல்லியே சார்."

வீட்டுக்காரர் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை.

"இதை யார் மாட்டினது?" என்றார் ஈனசுரத்தில்.

"உங்க வீட்டம்மாதான் சார். ஆளைக் கூப்பிடறேன்னு சொன்னா கேக்கல, ஸ்பேனரோட வந்து மடமடன்னு எல்லா போல்ட்டையும் அவங்களே முடுக்கிட்டாங்க, ஏதோ ஒரு வாரமா இதே வேலையா இருந்தவங்க மாதிரி!"