கேள்விப்பத்திரம்

“சேர், விலைமனுப் பிணை எண்டா என்ன?”

லோர்னா எழும்பிக் கேட்டதும் பணிப்பாளர் வினாயகமூர்த்திக்குக் காது சூடேறியது.

கேட்கக்கூடாத ஆள் கேட்ட கேள்வி அது. லோர்னா அவருடைய பெறுகைப் பிரிவில் வணிக உத்தி அதிகாரி. அரசாங்கம் எதை, எப்போது, எப்படி வாங்கினால் நல்லது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. பதினான்கு வருட அனுபவம். பிணையைப் பற்றி இலாகாவுக்கே வகுப்பெடுத்தவள்.

அன்றைக்கு மட்டக்களப்பு அலுவலகத்தில் கேள்விப்பத்திர விளக்கக் கூட்டம்; டெண்டர் போட வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்கிற நாள். மாவட்டத்து வைத்தியசாலைகளுக்கு ஒரு வருடத்துக்கு அரிசி வாங்க வேண்டும். முன்வரிசையில் கழுத்துப்பட்டி கட்டிய கொழும்புக் கம்பனிக்காரர்கள். நடுவில் ஏறாவூர் அரிசி ஆலைக்காரர் ஜிப்ரி. கடைசி வரிசையில், விடிய பஸ் ஏறி வந்த கிரான் விவசாயப் பெண்கள் சங்கத்தார் மூவர்.

ஜிப்ரிதான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

வினாயகமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். “அது காசு இல்ல. விலை போட்டுட்டு இடையில விட்டுட்டு ஓடமாட்டம் எண்டதுக்கு வங்கி தாற உத்தரவாதக் கடிதம். பதினோராம் பக்கத்தில மாதிரி இருக்கு. அதை வங்கி மனேச்சருக்குக் காட்டினாப் போதும்.”

“நன்றி சேர்.”

உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழியவில்லை, மறுபடி எழும்பினாள்.

“எட்டுப் பகுதி எண்டு போட்டிருக்கே சேர், எட்டுக்கும் சேர்த்தா விலை போடணும்? ஒண்டுக்கு மட்டும் போட ஏலாதா?”

வினாயகமூர்த்தி திகைத்துப்போனார். ஒரே பெரிய டெண்டராகக் கிடந்ததை எட்டாக உடைத்தால் சின்ன ஆட்களும் வரலாம், நம்முடைய வயல் வட்டையில் விளைகிற அரிசியை நம்முடைய நோயாளியே சாப்பிடலாம் என்று மூன்று மாதம் அவரோடு மல்லுக்கட்டிப் பிரித்ததே இவள்தான்!

“ஏலும்! ஒண்டுக்கும் போடலாம், எட்டுக்கும் போடலாம்.”

“மூலப்பிரதியும் நகலும் ஒரே உறைக்குள்ள வைக்கிறதா சேர்?”

இந்த முறை கம்பனிக்காரர் ஒருவர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

“ரெண்டு உறை, லோர்னா! ஒண்டில ‘மூலம்’, மற்றதில ‘நகல்’ எண்டு எழுதி, ரெண்டையும் பெரிய உறைக்குள்ள போட்டு ஒட்டணும். கடைசிப் பக்கத்தில கையெழுத்து வைக்க மறந்தா எல்லாம் வீண். போதுமா?”

“இப்ப வடிவா விளங்குது சேர்.”

கூட்டம் முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்.

“என்னத்துக்கு இந்த மானக்கேடு? சின்னப்புள்ளைக்கும் தெரிஞ்சதையெல்லாம் எழும்பி நிண்டு கேக்குறீங்க! நாளைக்குக் கொழும்பில என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க.”

“ஓம் சேர். சொறி சேர்.”

முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. மீன் பெட்டிஸ் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு கன்ரீனுக்கு ஓடிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘பிணை மிஸ்’. கூப்பிட்டவர்களுக்கு அவளும் சிரித்துக்கொண்டே “ஓம்” என்றாள்.

மூன்று கிழமை கழித்து, விலை போட்டவர்கள் முன்னிலையில் உறைகளைத் திறந்தார்கள்.

போன வருடம் உள்ளூரிலிருந்து வந்தது இரண்டே இரண்டு. பிணை இல்லை, கையெழுத்து இல்லை என்று இரண்டையும் அந்த இடத்திலேயே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை ஒன்பது வந்திருந்தன. ஒன்றிலும் பிழை இல்லை!

கிரான் பெண்களின் உறையை வினாயகமூர்த்தி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிணைக் கடிதம் இருந்தது. இரண்டு உறை இருந்தது. கையெழுத்தும் இருந்தது. மூன்றாம் பகுதிக்கு அவர்கள் போட்டதுதான் ஆகக் குறைந்த விலை.

சந்தோசப்பட வேண்டிய மனிதர் லோர்னாவைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். விலை போடுகிற ஒருவருக்கு அதிகாரி தனியாகச் சொல்லிக் கொடுத்தது தெரிந்தால் டெண்டரும் செல்லாது, வேலையும் போகும். லோர்னா ரகசியமாகக் கிரானுக்குப் போய் வந்திருப்பாளோ?

சபையிலேயே கேட்டுவிட்டார். “இதை நிரப்ப உங்களுக்கு ஆர் சொல்லித்தந்த?”

சங்கத் தலைவி கண்ணகை எழும்பினாள். “நீங்கதான் சேர்.”

“நானா?”

“ஓம் சேர். அண்டைக்கு அந்த மிஸ் கேக்கக் கேக்க நீங்க வடிவாச் சொன்னீங்களே. நாங்க ஒவ்வொண்டா எழுதியெடுத்த. எங்களுக்கெண்டா வாய் துறந்து கேக்க வெக்கம்.”

ஜிப்ரி தலையைச் சொறிந்தார். “எனக்கும் வெக்கம்தான் சேர். போன வருசம் பிணையில்லாமத் திரும்பிப் போனதுல ஒண்டு என்ட உறை. அண்டைக்கு முதல்ல சிரிச்சதும் நான், மறுகா களவா எழுதியெடுத்ததும் நான்.”

மண்டபம் அதிர்ந்தது. கண்ணகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வினாயகமூர்த்தி எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவரும் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த லோர்னாவிடம் குனிந்தார்.

“அப்ப... எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் கேட்டீங்களா?”

“பின்வரிசையில பேனை எங்கெங்க நிண்டிச்சோ, அங்கங்க எழும்பினன் சேர்,” என்றாள் லோர்னா. “தனியாப் போய்ச் சொல்லிக் குடுத்தாத்தானே குற்றம்? சபையில மொக்குப் பட்டம் வாங்குறதுக்கு ஒரு சட்டமும் தடையில்லையே!”