ஏழாம் வீட்டுச் சுவர்

"குலுக்கலுக்கு முன்னாடியே வாஷிங்டனை வெளியே அனுப்பணும், நெலிடா அக்கா!"

எல்பியோ போட்ட சத்தத்தில், மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த நெலிடாவுக்குப் புரையேறியது.

"என்னப்பா ஆச்சு?"

"ஏழாம் நம்பர் வீடு. எல்லாரும் வேலை முடிஞ்சு போனப்புறம் இவன் மட்டும் உள்ளே போய்க் கலவை குழைக்கிறான். என் கண்ணாலயே பார்த்தேன். எதுக்கு? அந்த வீடு தனக்கு வர்ற மாதிரி ஏதோ ஏற்பாடு பண்ணிட்டான்!"

மோன்டெவிடியோவில், துறைமுகத்தைப் பார்த்த குன்றுச் சரிவில், பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து பன்னிரண்டு வீடுகள் கட்டியிருந்தன. கூலிக்கு ஆள் கிடையாது. முறை போட்டுக்கொண்டு எல்லோரும் கல் சுமந்தார்கள், எல்லோரும் கொத்துக்கரண்டி பிடித்தார்கள். மேற்பார்வைக்கு நெலிடாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எந்த வீடு யாருக்கு என்பது கடைசி நாள் குலுக்கல் வரை யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவரவர் வீட்டுச் சுவர் மட்டும்தான் நேராக நிற்கும்.

அந்த விதியை வைக்கச் சொன்னவனே வாஷிங்டன்தான்.

பெயர்தான் வாஷிங்டன். அந்த ஊரில் தெருவுக்கு ஒருவனுக்கு அந்தப் பெயர் உண்டு. அமெரிக்காவைத் திட்டாமல் அவனுக்கு ரொட்டி இறங்காது. வங்கி, வட்டி, கடன் கொடுத்தே நாட்டின் கழுத்தை நெரிக்கும் வெளிநாட்டுக்காரன் என்று எல்லாக் கூட்டத்திலும் முழங்குவான். எல்பியோ முழங்குவதும் அதேதான். ஆனால் வேறு கட்சி. இரண்டும் இடதுசாரிக் கட்சி என்பதால் இருவருக்கும் ஆகவே ஆகாது.

"தேர்தல்ல நிக்கிற கட்சி வேற எப்படி இருக்கும்? மேடையில பொதுவுடைமை, வீட்டுல தனியுடைமை!" என்றான் எல்பியோ.

வாஷிங்டனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மற்றவர்களிடம் அவனுக்காக வாக்குக் கொடுத்தவள் நெலிடாதான். விலக்கினால் அவனும் அவன் மனைவி மிர்தாவும் இரண்டு பிள்ளைகளும் பழைய ஒற்றை வாடகை அறைக்கே திரும்ப வேண்டியதுதான். பட்ட பாடெல்லாம் போச்சு.

நேராகப் போய்க் கேட்டாள்.

"ஏழாம் வீட்டுல உனக்கு என்னப்பா வேலை?"

வாஷிங்டன் சிமென்ட் ஒட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "குலுக்கல் முடியட்டும்க்கா. சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"முடியட்டும்."

வாய் ஓயாதவன் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை குலுக்கல். துணிப்பைக்குள் எண் போட்ட மரவில்லைகள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது வாஷிங்டனும் எல்பியோவும். பையில் மிஞ்சியது மூன்றும் ஏழும்.

"அவன் கை உள்ளே போகக்கூடாது!" எல்பியோ குறுக்கே வந்து நின்றான். "வில்லையைச் செதுக்கினவனே அவன்தான். அவனுக்கு அக்கா எடுக்கட்டும். ஏழு வந்தா அவன் வெளியே!"

"தற்செயலா வந்தா?" என்றாள் மிர்தா.

"தற்செயலா! முதலாளிகூடத் தற்செயலாத்தான் பணக்காரன் ஆனேன்னு சொல்றான்!"

மற்றவர்கள் பையை நெலிடாவிடம் நீட்டினார்கள். அவள் உள்ளே கையை விட்டாள். விரலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

"மூணு!"

மிர்தா அழுதேவிட்டாள். நெலிடாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்போ ஏழு உனக்குத்தான், எல்பியோ!" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

எல்பியோ விழித்தான். "சரி, அப்புறம் எதுக்குடா தினமும் அங்க போனே?"

"சமையலறைச் சுவர் சாஞ்சிருந்துச்சு. தெற்கேயிருந்து ஒரு பெருங்காத்து அடிச்சா தாங்காது. எந்தப் பிள்ளை தலையில விழுமோன்னு பயமா இருந்துச்சு. இடிச்சுட்டு மறுபடி எழுப்பினேன்."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சுவரை விட்டுடுவீங்க. எந்தக் கட்சிக்காரன் கட்டினான்னு விடிய விடியப் பேசுவீங்க."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எல்பியோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாஷிங்டனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"நீதான்டா கட்டியிருப்பே! கையை ஆட்டி ஆட்டி அரசியல் பேசிக்கிட்டே செங்கல் வெச்சா சுவர் எப்படி நேரா நிக்கும்?"

"ஆமா தோழர்," என்றான் வாஷிங்டன். "நான்தான்."

ஏழாம் வீட்டுச் சாவியை எடுத்த நெலிடா நிமிர்ந்து பார்த்தாள். வாஷிங்டன் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.

அந்தச் சுவர் முதலில் எழும்பிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. துறைமுகத்துக்கு அமெரிக்கப் போர்க்கப்பல் வந்த நாள். வாஷிங்டன் அன்று கீழே சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். சுவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவள் நெலிடா. கப்பலை நோக்கிக் கரண்டியை நீட்டி நீட்டித் திட்டியபடி, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே மறந்து, அவள் கொடுத்த கல்லையெல்லாம் வாங்கி அடுக்கியவன், இப்போது சாவிக்காக அவளிடம் கை நீட்டிக்கொண்டிருந்தான்.